புகலிட நேர்காணலில் உரிமை மீறப்பட்டால் எங்கே, எப்படிப் புகார் கொடுப்பது? முழுமையான வழிகாட்டி

ஒரு நேர்காணல் அறையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இடம் சைப்ரஸ். முல்லைத்தீவிலிருந்து வந்த ஓர் இளைஞர், “மச்சானை உள்ளுக்குப் போட்டவங்கள்” என்கிறார். மனைவியின் தம்பியைப் பிடித்து அடைத்தார்கள் என்று அர்த்தம். மொழிபெயர்ப்பாளர் சென்னைப் பக்கத்துக்காரர். அவர் காதுக்கு மச்சான் என்றால் கூடச் சுற்றும் நண்பன். “நண்பரைக் கைது செய்தார்கள்” என்று ஆங்கிலத்தில் சொல்கிறார். அலுவலர் அதை அப்படியே தட்டச்சு செய்கிறார். சில மாதம் கழித்து நடக்கும் அடுத்த நேர்காணலில் “மனைவியின் தம்பி” என்று வருகிறது. முன்னுக்குப் பின் முரண், நம்பும்படி இல்லை, விண்ணப்பம் நிராகரிப்பு.

முதல் நேர்காணலின் நடுவிலேயே இளைஞர் சொல்லியிருக்கிறார்: “இவர் கதைக்கிறது எனக்குச் சரியா விளங்கேல்லை, வேற ஆளைத் தாங்கோ.” அலுவலர் நேரமில்லை என்று சொல்லித் தொடர்ந்திருக்கிறார்.

அந்த அலுவலர் மேல் யாரிடம் புகார் சொல்வது? சைப்ரஸ் அரசிடமா? அவர் சைப்ரஸ் அரசின் ஊழியரே இல்லை, ஐரோப்பிய ஒன்றியத்தின் புகலிட முகமை அனுப்பிய நிபுணர் என்றால்? இந்த வழிகாட்டி அதைப் பற்றியது. புகலிடம் கேட்பவருக்குத் துணை நிற்கும் உறவினர், தொண்டர், மொழிபெயர்ப்பாளர், சட்டம் படிக்கும் பிள்ளைகள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். பாதிக்கப்பட்டவர் பெரும்பாலும் இதையெல்லாம் தேடிப் படிக்கும் நிலையில் இருக்கமாட்டார்.

இந்தக் கண்காணிப்பு ஏன் தேவைப்பட்டது

ஐரோப்பிய ஒன்றியம் 2010-ல் ‘ஈசோ’ என்ற புகலிட ஆதரவு அலுவலகத்தைச் சட்டம் போட்டு உருவாக்கியது. தலைமையகம் மால்டாவின் வலேட்டா துறைமுகத்தில். பயிற்சி கொடுப்பது, நாடுகளின் நிலவரத் தகவலைத் திரட்டுவது, நெருக்கடியில் இருக்கும் உறுப்பு நாட்டுக்கு ஆள் அனுப்புவது அதன் வேலை. தனி மனிதரின் விண்ணப்பத்தில் முடிவெடுக்கும் அதிகாரம் அதற்குக் கிடையாது என்று அந்தச் சட்டமே சொன்னது.

2016 மார்ச் 18-ல் ஒன்றியமும் துருக்கியும் கூட்டறிக்கை வெளியிட்டபின் நிலைமை மாறியது. லெஸ்போஸ், கியோஸ், சாமோஸ், லெரோஸ், கோஸ் ஆகிய கிரேக்கத் தீவுகளில் ஈசோவின் ஆட்கள் தாங்களே நேர்காணல் நடத்தினார்கள். இவருக்குத் துருக்கி பாதுகாப்பான நாடா, விண்ணப்பத்தை ஏற்று விசாரிக்கலாமா என்று கருத்துரை எழுதிக் கொடுத்தார்கள். கிரேக்க அலுவலர் பல சமயம் விண்ணப்பதாரரை நேரில் பார்க்காமலே அந்தக் கருத்துரையை வைத்துக் கையெழுத்துப் போட்டார். கேட்டவர் ஒருவர், முடிவெடுத்தவர் வேறொருவர். தவறு நடந்தால் இவர் அவரைக் காட்டுவார், அவர் இவரைக் காட்டுவார்.

பெர்லினில் இயங்கும் ஐரோப்பிய அரசியலமைப்பு மற்றும் மனித உரிமைகள் மையம் 2017-ல் இதை ஐரோப்பிய ஆம்புட்ஸ்மனிடம், அதாவது ஒன்றியத்தின் குறைதீர்ப்பாளரிடம், கொண்டுபோனது. அப்போது அந்தப் பதவியில் இருந்தவர் எமிலி ஓ'ரைலி. 2018 ஜூலையில் அவர் விசாரணையை முடித்தபோது, நேர்காணல்களின் தரம் பற்றியும் நடைமுறை நியாயம் பற்றியும் எழுந்த கவலைகள் உண்மையானவை என்றார். சட்டம் கொடுத்த வரம்பைத் தாண்டும்படி அந்த அலுவலகம் அரசியல் ரீதியாக ஊக்குவிக்கப்படுகிறது என்பதையும் சுட்டிக்காட்டினார். 2019-ல் வேறொரு வழக்கில், ஒரு நேர்காணலில் நடந்த கடுமையான தவறுகளை அலுவலகம் சரியாகவும் நேரத்திலும் கவனிக்கவில்லை, அது நிர்வாகச் சீர்கேடு என்று தீர்மானித்தார். உள்ளுக்குள் முறையான புகார் வழி ஒன்று வேண்டும் என்ற பேச்சு அதோடு வலுத்தது.

2022 ஜனவரி 19-ல் புதிய சட்டம் அமலுக்கு வந்தது. ஈசோ மாறி, ‘ஈயூஏஏ’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஐரோப்பிய ஒன்றியப் புகலிட முகமை ஆனது. அந்தச் சட்டத்தின் 49-ஆவது பிரிவு அடிப்படை உரிமை அலுவலர் என்ற பதவியையும், 50-ஆவது பிரிவு தொண்டு நிறுவனங்கள் இடம்பெறும் ஆலோசனை மன்றத்தையும், 51-ஆவது பிரிவு புகார் முறையையும் உருவாக்கின. அடிப்படை உரிமை அலுவலர் பதவிக்கு ஆள் வந்தது 2023-ல்தான்.

தமிழர்களுக்கு இது எங்கோ நடக்கும் கதை இல்லை. சுவிட்சர்லாந்தில் புகலிடம் மறுக்கப்பட்ட ஒரு தமிழ்க் குடும்பம் 2013 ஆகஸ்டில் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. கொழும்பு விமான நிலையத்திலேயே மணிக்கணக்கில் விசாரணை. குடும்பத் தலைவர் சிறைக்குப் போனார், அங்கே துன்புறுத்தப்பட்டார். அதன்பின் சுவிஸ் அரசு திருப்பி அனுப்புவதை நிறுத்திவைத்து, தன் கோப்புகளை வெளியாட்களைக் கொண்டு ஆராய வைத்தது. 2015-ல் அவர் மனிதாபிமான விசாவில் திரும்பி வந்தார், புகலிடமும் கிடைத்தது. அவர் துன்புறுத்தப்படும் அபாயத்தை சுவிஸ் அதிகாரிகள் உரிய கவனத்தோடு பார்க்கவில்லை, அது சித்திரவதையைத் தடைசெய்யும் ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தின் 3-ஆவது பிரிவை மீறியது என்று ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2017 ஜனவரி 26-ல் தீர்ப்பளித்தது. அவர் சிறைக்குப் போனபின் நடந்த அந்த ஆய்வு, விமானம் ஏறுவதற்கு முன்னால் நடந்திருக்க வேண்டியது. கண்காணிப்பு நேர்காணல் அறையிலிருந்தே தொடங்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

படி 1: எதிரே உட்கார்ந்திருந்தவர் யார் என்று கண்டுபிடியுங்கள்

நேர்காணலின் தொடக்கத்தில் அலுவலர் தன்னை அறிமுகம் செய்துகொள்வார். பதற்றத்தில் இருப்பவர் காதில் அது விழாது. அதனால் நேர்காணல் அறிக்கையின் முதல் பக்கத்தைப் பாருங்கள். நடத்தியவரின் பெயரோ குறியீட்டு எண்ணோ, அவர் எந்த அமைப்பைச் சேர்ந்தவர் என்பதோ அங்கே இருக்கும். முகமையின் பெயர் அல்லது சின்னம் எங்காவது இருக்கிறதா? கழுத்தில் தொங்கிய அட்டை, மேலே போட்டிருந்த அங்கி பற்றி விண்ணப்பதாரரிடம் கேளுங்கள்.

மூன்று சாத்தியங்கள் உண்டு. அந்த நாட்டு அரசு ஊழியர் என்றால், அந்த நாட்டின் புகார் வழிகளும் தேசிய ஆம்புட்ஸ்மனும்தான் உங்கள் கதவு. முகமையின் சொந்த ஊழியர் என்றாலோ, வேறொரு உறுப்பு நாடு முகமையின் ஆதரவுக் குழுவுக்கு அனுப்பிய நிபுணர் என்றாலோ 51-ஆவது பிரிவு பொருந்தும். ஃப்ரொண்டெக்ஸ் என்ற எல்லைக் காவல் முகமையின் ஆட்கள் என்றால் அதற்குத் தனிப் புகார் முறையும் தனி அடிப்படை உரிமை அலுவலரும் இருக்கிறார்கள். முகாம்களில் இவர்கள் எல்லோருமே ஒரே வளாகத்தில் நடமாடுவார்கள். வந்தவருக்கு எல்லோரும் “ஆபீசர்”தான். ஆள் யார் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் அதையும் புகாரில் எழுதிவிடுங்கள். இடம், தேதி, நேரம், அறை எண் இருந்தால் யார் என்று அவர்களால் கண்டுபிடிக்க முடியும்.

படி 2: முடிவு வேறு, நடத்தை வேறு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். “என் கேஸை ரிஜெக்ட் பண்ணியது அநியாயம்” என்று முகமைக்குப் புகார் அனுப்பினால் அது முதல் வாசலிலேயே திரும்பி வரும். விண்ணப்பத்தின் மீதான முடிவு அந்த நாட்டு அரசுடையது. அதை எதிர்த்துப் போகும் இடம் மேல்முறையீடு. முகமையின் புகார் முறை பார்ப்பது தன் குழுவில் இருந்த நிபுணர் செய்ததையும், செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதையும்.

இரண்டையும் சேர்த்துக் குழப்புகிறவர்கள் இரண்டையுமே இழக்கிறார்கள். புகார் கொடுத்துவிட்டோமே, பதில் வரட்டும் என்று காத்திருப்பார்கள். அதற்குள் மேல்முறையீட்டு நாள் கடந்துவிடும். புகார் கொடுத்தால் மேல்முறையீட்டுக் கெடு நிற்காது, திருப்பி அனுப்புவதும் தானாக நிற்காது. 2026 ஜூன் 12 முதல் பொருந்தும் ஒன்றியத்தின் புதிய புகலிட நடைமுறைச் சட்டத்தில், துரித நடைமுறையில் நிராகரிக்கப்பட்டவை உள்ளிட்ட சில வகை விண்ணப்பங்களுக்கு மேல்முறையீட்டுக் காலம் 5 முதல் 10 நாள்தான். மற்றவற்றுக்கு 2 வாரம் முதல் 1 மாதம் வரை. அதனால் நிராகரிப்புக் கடிதம் கையில் இருந்தால் முதலில் வக்கீல், அப்புறம்தான் புகார்.

நம் இளைஞரின் விஷயத்தில், ‘நண்பர்’ என்று தவறாகப் பதிவானதால் முடிவு தப்பாகிவிட்டது என்பது மேல்முறையீட்டுக்குப் போக வேண்டிய வாதம். மொழி புரியவில்லை என்று சொல்லியும் அலுவலர் நேர்காணலை நிறுத்தவில்லை என்பது புகாருக்குப் போக வேண்டிய வாதம். அதே நிகழ்ச்சிதான், இரண்டு தாள்.

படி 3: நடந்ததை அன்றைக்கே எழுதி வையுங்கள்

வெளியே வந்தவுடன் தேநீர் வாங்கிக் கொடுத்து உட்காரவைத்துக் கேளுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது, எப்போது இடைவேளை, அறையில் எத்தனை பேர், கதவு திறந்திருந்ததா, குழந்தை மடியில் இருந்ததா, எந்தக் கேள்வியில் குரல் உயர்ந்தது. அவர் சொல்லும் வார்த்தையிலேயே எழுதுங்கள், உங்கள் தமிழுக்குத் திருத்தாதீர்கள். “இயக்கம்”, “பெடியள்”, “சுத்திவளைப்பு” என்று அவர் சொன்னால் அப்படியே இருக்கட்டும். அந்தச் சொற்கள்தான் மொழிபெயர்ப்பில் தொலைந்திருக்கும். அலுவலரிடம் அவை எப்படிப் போயின என்று பிறகு ஒப்பிட இதுதான் ஆதாரம்.

அடுத்தது நேர்காணல் அறிக்கையின் பிரதி. விண்ணப்பதாரருக்கோ அவரது வக்கீலுக்கோ அதைப் பெறும் உரிமை உண்டு. தவறான மொழிபெயர்ப்பு பற்றிக் கருத்துச் சொல்லித் தெளிவுபடுத்த வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்பதும் சட்டம். அந்த வாய்ப்பை அவசரத்தில் தாண்டிப் போய்விடுவார்கள், “எல்லாம் சரிதானே?” என்ற ஒற்றைக் கேள்வியோடு. களைத்துப் போனவர் தலையாட்டுவார். இனிமேல் நேர்காணலுக்குப் போகிறவர் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் இதை மட்டுமாவது சொல்லி அனுப்புங்கள்: புரியாத இடத்தில் புரியவில்லை என்று சொல்லு, அதை அறிக்கையில் எழுதச் சொல்லு. 2026 ஜூன் 12 முதல் பொருந்தும் புதிய நடைமுறைச் சட்டத்தின்படி நேர்காணல் ஒலிப்பதிவு செய்யப்பட வேண்டும். எழுதப்பட்டதும் சொல்லப்பட்டதும் வேறு வேறாக இருக்கும் வழக்குகளில் அந்தப் பதிவு பெரிய ஆதாரமாக இருக்கும்.

மருத்துவச் சான்று, முகாமில் கொடுத்த சீட்டு, அன்று வந்த குறுஞ்செய்தி எல்லாவற்றையும் படம் எடுத்து, அவருடைய போனில் மட்டும் வைக்காமல் வேறு இடத்திலும் சேமியுங்கள்.

படி 4: புகாரை எழுதுவது

புகாரைப் பாதிக்கப்பட்டவர் நேரடியாகவோ அவர் சார்பில் வேறொருவரோ எழுத்து மூலம் அனுப்பலாம். முகமையின் இணையதளத்தில் படிவம் இருக்கிறது. அதன் பணி நடக்கும் இடங்களிலும் தாளாகக் கிடைக்க வேண்டும். நீங்கள் சார்பாக அனுப்பினால், அவர் கையெழுத்திட்ட ஒப்புதலை இணையுங்கள்.

பெயரில்லாப் புகார் ஏற்கப்படாது. நடந்திருக்கலாம் என்ற ஊகமும், வேண்டுமென்றே தொல்லை கொடுக்கும் நோக்கமும் தள்ளுபடிக்குக் காரணம். திட்டவட்டமான உரிமை மீறல், அதற்கு ஆதாரம், இரண்டும் வேண்டும். பெயர் கொடுக்கப் பயப்படுவார்கள், அது நியாயமான பயம். ஆனால் புகாரை ரகசியமாகக் கையாள வேண்டும் என்பது சட்டக் கடமை. அவரே வெளிப்படையாக அந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுத்தால்தான் விதிவிலக்கு. படிவத்தில் அந்தக் கட்டத்தில் டிக் போடுவதற்கு முன் அவரிடம் நன்றாக விளக்குங்கள். பேர் வெளியே போனால் ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு என்ன ஆகும் என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும், நீங்கள் இல்லை.

இப்போது எழுத்து. பலரும் இப்படி எழுதுகிறார்கள்:

“அதிகாரி மிகவும் மோசமாக, மனிதாபிமானமில்லாமல் நடந்துகொண்டார். மொழிபெயர்ப்பு முழுக்கத் தப்பு. எனக்கு நீதி வேண்டும்.”

இதில் உள்ள வலி உண்மை. ஆனால் இதை வைத்துக்கொண்டு யாரும் எதையும் விசாரிக்க முடியாது. அதே செய்தியை இப்படி எழுதிப் பாருங்கள்:

“காலை 9.40-க்கு நேர்காணல் தொடங்கியது. சுமார் 20 நிமிடம் கழித்து, மொழிபெயர்ப்பாளரின் தமிழ் எனக்குப் புரியவில்லை, வேறு ஒருவர் வேண்டும் என்று கேட்டேன். அலுவலர் நேரமில்லை என்று பதில் சொல்லித் தொடர்ந்தார். என் கோரிக்கை அறிக்கையில் எந்தப் பக்கத்திலும் இல்லை. 4-ஆம் பக்கத்தில் ‘நண்பர்’ என்று இருக்கிறது. நான் சொன்ன சொல் ‘மச்சான்’, அது மனைவியின் தம்பியைக் குறிக்கும். அன்று மாலை நான் எழுதிய குறிப்பு இணைப்பில்.”

உணர்ச்சி குறைவு, பலம் அதிகம். கவனியுங்கள், இதில் குறி வைத்திருப்பது அலுவலர் செய்ததை. மொழிபெயர்ப்பாளரின் தமிழைத் திட்டுவதில் ஒரு வரிகூடச் செலவழிக்கவில்லை. நேர்காணலை நடத்துபவர் அலுவலர், நிறுத்தும் பொறுப்பும் அவருடையது.

அதன்பின் எந்த உரிமை என்று ஒரு பத்தி. ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் சாசனம்தான் அளவுகோல். மனித கண்ணியம் 1-ஆவது பிரிவு, தனிப்பட்ட வாழ்க்கை 7, தனித் தகவல் பாதுகாப்பு 8, புகலிட உரிமை 18, ஆபத்துள்ள நாட்டுக்குத் திருப்பி அனுப்பாமை 19, பாகுபாடின்மை 21, குழந்தையின் உரிமை 24, நல்ல நிர்வாகத்துக்கான உரிமை 41. எண்களை அடுக்குவதில் பயனில்லை. பொருந்தும் ஒன்றிரண்டைச் சொல்லி, நடந்த சம்பவத்தோடு முடிச்சுப் போடுங்கள். பாலியல் வன்முறையைச் சொல்லும் பெண்ணிடம் ஆண் அலுவலர் தேவையில்லாத விவரம் தோண்டிக் கேட்டால் 1-ம் 7-ம் போதும்.

கடைசியாக என்ன வேண்டும் என்று கேளுங்கள். முடிவை மாற்றச் சொல்லிக் கேட்க முடியாது. சம்பவத்தை விசாரித்து எழுத்தில் பதில் தரவும், அந்த அலுவலரின் நடத்தை மீது நடவடிக்கை எடுக்கவும் கேட்கலாம்.

படி 5: அனுப்பியபின் உள்ளே என்ன நடக்கும்

அடிப்படை உரிமை அலுவலர் முதலில் புகார் ஏற்கத்தக்கதா என்று பார்ப்பார். ஏற்றால் பதிவு செய்து முகமையின் செயல் இயக்குநருக்கு அனுப்புவார். ஏற்காவிட்டால் காரணத்தைச் சொல்ல வேண்டும். சம்பந்தப்பட்டவர் முகமை ஊழியர் என்றால் நடவடிக்கை இயக்குநரின் பொறுப்பு, ஒழுங்கு நடவடிக்கை வரை போகலாம். வேறு நாடு அனுப்பிய நிபுணர் என்றால் அந்த நாடு விசாரித்துப் பதில் சொல்ல வேண்டும். மீறல் உறுதியானால் அவரைப் பணியிலிருந்து விலக்கிக்கொள்ளும்படி அந்த நாட்டிடம் கேட்கப்படும்.

இந்த இடத்தில் அமைப்பின் பலவீனத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். அடிப்படை உரிமை அலுவலர் தன் பணியில் சுதந்திரமானவர், நேரடியாக நிர்வாகக் குழுவுக்கு அறிக்கை கொடுக்கிறார். ஆனால் அவரை நியமிப்பதும் அதே நிர்வாகக் குழுதான், செயல் இயக்குநரின் பரிந்துரையில். அந்தக் குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள் உறுப்பு நாடுகளின் பிரதிநிதிகள். முகமை வேலை செய்யும் இடத்துக்கு அவர் போய்ப் பார்க்க வேண்டுமென்றால் அந்த நாட்டின் சம்மதம் வேண்டும். தண்டிக்கும் அதிகாரம் அவர் கையில் இல்லை. என் பார்வையில் இது பாதிச் சுதந்திரம். அதற்காக ஒதுக்கிவிடாதீர்கள். பதிவான ஒவ்வொரு புகாரும் அவரது ஆண்டறிக்கையின் கணக்கில் சேரும். ஒரே முகாமிலிருந்து ஒரே மாதிரிப் புகார்கள் வந்தால் யாராலும் அதைத் தனிச் சம்பவம் என்று ஒதுக்க முடியாது. ஒரு நாடு அடிப்படை உரிமைகளைக் கடுமையாக, அல்லது விடாமல், மீறினால் அங்கிருந்து குழுவை விலக்கிக்கொள்ளும் கடமையும் முகமைக்கு உண்டு. அந்த முடிவுக்கு முன் உரிமை அலுவலரைக் கலந்தாலோசிக்க வேண்டும்.

படி 6: பதில் திருப்தி இல்லையென்றால்

ஐரோப்பிய ஆம்புட்ஸ்மனிடம் போங்கள். 2025 பிப்ரவரி முதல் அந்தப் பதவியில் இருப்பவர் போர்ச்சுகலைச் சேர்ந்த தெரேசா அஞ்ஜின்ஹோ. செலவு எதுவும் இல்லை. முதலில் முகமையிடம் முறையிட்டிருக்க வேண்டும். விஷயம் தெரியவந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் அனுப்ப வேண்டும். அவருடைய பரிந்துரை நீதிமன்ற உத்தரவு போலக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் 2018-லும் 2019-லும் அவரது அலுவலகம் எழுதியதைத்தான் இன்றும் இந்தத் துறையில் எல்லோரும் எடுத்துக் காட்டுகிறார்கள்.

தனித் தகவல் கசிந்தது, கோப்பை வேறு யாரிடமோ காட்டினார்கள் என்றால் ஒன்றிய அமைப்புகளுக்கான ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் இருக்கிறார்.

ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அங்கே முகமையின் மேல் வழக்குப் போட முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தில் இன்னும் சேரவில்லை. நாட்டின் மேல்தான் போடலாம், அதுவும் உள்நாட்டு வழிகள் முடிந்து கடைசித் தீர்ப்பு வந்த 4 மாதத்துக்குள். ஆனால் திருப்பி அனுப்பினால் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்ற அவசர நிலையில், அந்த நீதிமன்றத்தின் விதி 39-இன் கீழ் இடைக்காலத் தடை கேட்கலாம். அதை வக்கீல் இல்லாமல் முயலாதீர்கள்.

2026 ஜூன் 12-க்குப் பிறகு புதிதாக ஒரு கதவு

இடம்பெயர்வு, புகலிடம் பற்றிய ஒன்றியத்தின் புதிய ஒப்பந்தத்தின் சட்டங்கள் அன்றிலிருந்து பொருந்துகின்றன. எல்லையில் நடக்கும் முதற்கட்டச் சோதனைக்கும் எல்லைப் புகலிட நடைமுறைக்கும் ஒவ்வொரு நாடும் சுதந்திரமான கண்காணிப்பு அமைப்பு வைத்திருக்க வேண்டும். முன்னறிவிப்பு இல்லாமல் போய்ப் பார்க்கவும், தடுப்பு மையங்கள் உட்பட எல்லா இடங்களுக்கும் போகவும், ஆட்களைச் சந்திக்கவும், ஆவணங்களைப் பார்க்கவும் அதற்கு உரிமை கொடுக்கப்பட்டிருக்கிறது. வியன்னாவிலுள்ள அடிப்படை உரிமைகள் முகமை இதற்கான வழிகாட்டுதலை 2024-லேயே எழுதிக் கொடுத்துவிட்டது. சில நாடுகளில் இந்த வேலை தேசிய ஆம்புட்ஸ்மனுக்கோ மனித உரிமை ஆணையத்துக்கோ போகும், சில இடங்களில் புது அமைப்பு. உங்கள் நாட்டில் யார் என்று இப்போதே விசாரித்து, முகவரியையும் போன் எண்ணையும் முகாமுக்குப் போகும் தொண்டர்களிடம் கொடுத்து வையுங்கள்.

இன்னொரு விஷயம். புகலிடம் கேட்பவர் ஒரே இடத்தில் இருப்பதில்லை. முகாம் மாறும், போன் தொலையும், சிம் செத்துப்போகும். புகாருக்கான பதில் வரும்போது அவர் வேறு நாட்டில்கூட இருக்கலாம். அதனால் புகாரில் மின்னஞ்சல் கேட்கும் இடத்தில் அவரால் எங்கிருந்தும் திறக்க முடிகிற முகவரியைக் கொடுத்து, கடவுச்சொல்லை அவர் கையால் ஒரு தாளில் எழுதவையுங்கள். அவர் சம்மதித்தால் கோப்பின் ஒரு முழுப் பிரதி, தேதி வாரியாக அடுக்கி, உங்களிடமும் இருக்கட்டும்.